ஒரு பொருள், ஒரு படம்

மனம் அலைபாயும் மாலையில் கொழும்பின் காலிமுகத்திடலுக்கோ பேரே வாவிக் கரைக்கோ செல்லும்போது, கைத்தொலைபேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, ஒரே பொருளைத் தேர்ந்து, பத்து மூச்சு எண்ணி முடியும்வரை அதை வெறுங்கண்ணால் பார்த்த பின், அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் ஒரேயொரு படமாக எடுங்கள். எடுத்துக்காட்டாக, கூழைக்கடாப் பறவை முழுவதும் வேண்டாம். அதன் அலகுப் பையை மாலை வெயில் ஊடுருவும் இடம் போதும்.

ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும்போது, கவலைகளைத் திரும்பத் திரும்ப அசைபோட மனத்துக்கு இடம் குறைகிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள் அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அக்குறை ஏற்படவில்லை. கண்டதையெல்லாம் படமெடுத்துத் தள்ளும் வழக்கத்தை விடுவதே இதில் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோரத் தண்டவாளத்தில் நின்று இதைச் செய்யவே கூடாது. கவனம் ஒன்றில் குவிந்திருக்கையில் புகையிரதம் நெருங்குவது தெரியாமற் போகலாம். வாரக்கணக்கில் உறக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால், மருத்துவரை நாடுங்கள்.