அவுட்போர்டு இன்ஜின்: இம்பெல்லரை மாற்றியதோடு வேலை முடிவதில்லை

படகின் பின்புறம் மாட்டும் இந்த இன்ஜினின் பிளக்கைத் துடைப்பது, டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறப்பது, பெட்ரோலில் ஆயில் கலப்பது எல்லாம் கடல் தானே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. புதிதாக ஃபைபர் படகு வாங்கும் இளைஞர்கள், நாங்கள் தொழில் பழகிய நாளில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். இன்ஜினையே காவு வாங்கும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கரையில் வெறுமனே ஓட்டிப் பார்ப்பது

வேண்டாம். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள்.

இம்பெல்லரை மட்டும் மாற்றுவது

இன்ஜினின் கீழ்க்காலில், கியர் பெட்டிக்கு மேலே வாட்டர் பம்ப் இருக்கிறது. அதற்குள் சுழலும், இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரமான இம்பெல்லர்தான் கடல்நீரை உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றி அனுப்புகிறது. அந்த நீரில் கொஞ்சம் பின்பக்கத் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். அது மெலிந்தால் முதலில் துளைக்குள் தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள். மணலோ உப்போ அடைத்திருக்கலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் பம்ப்பைப் பிரிக்க வேண்டும்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. அந்தச் சமயத்தில் ஒரு தம்பி புது இம்பெல்லர் போட்டு, தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போனார். நடுக்கடலில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் போட்ட பழைய இம்பெல்லரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன்: மூன்று இதழ்கள் இல்லை. அவை எங்கே போயின என்று தம்பியும் கேட்கவில்லை, புதிதைப் பொருத்திக்கொடுத்தவரும் கேட்கவில்லை. மேலே போய், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. புது பிஸ்டன், ரிங், சிலிண்டர் வேலை என்று செலவு ஒரு பக்கம். சீசன் முழுக்கப் படகு கரையிலேயே கிடந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு நிமிடம் இதழ்களை எண்ணிப் பார்த்திருந்தால் போதும்.

பல இன்ஜின்களில் அந்த நீர்த்தாரை பம்ப் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. சிலிண்டர் முழுவதும் நீர் சுற்றிவருகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதழ் குறைந்தால் பம்ப் கூட்டிலும், மேலே போகும் குழாயிலும், தெர்மோஸ்டாட்டிலும் துண்டு கிடைக்கும்வரை தேடுங்கள். புதிதை மாட்டும்போது இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜின் சுழலும் திசையிலேயே தண்டைத் திருப்பிக்கொண்டு கூட்டை அழுத்துங்கள். எல்லா இதழும் ஒரே பக்கம் மடிய வேண்டும். தண்டையும் இம்பெல்லரையும் பிணைக்கும் சின்னச் சாவித் துண்டு மணலில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடேறி நின்ற இன்ஜின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். தலைப்பகுதி கோணிப்போகும். தானாக ஆறட்டும்.

கியர் ஆயிலை மேல் துளையில் ஊற்றுவது

காற்று உள்ளேயே தங்கிவிடும். கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல் துளையில் வழிந்த பிறகு நிறுத்துங்கள். வடித்த ஆயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஜிங்க் கட்டிக்குப் பெயின்ட் அடிப்பது

அடிக்காதீர்கள். இன்ஜினுக்குப் பதிலாக உப்புநீரில் அரிக்கப்படுவதற்கே அந்தத் துத்தநாகக் கட்டியை வைத்திருக்கிறார்கள்.

மண்ணெண்ணெயில் ஓடியதை அப்படியே நிறுத்துவது

கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடலில் விழுந்த இன்ஜினை வெயிலில் காயவைப்பது

உப்புநீர் பட்ட இரும்பு காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றி, ஆயில் விட்டு அன்றைக்கே ஓட்ட வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால், அதுவரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக அமிழ்த்தி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் முதலில் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அதற்குமேல் இழுக்காதீர்கள்; கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.