வேலை தெரிந்தவர்கள் ஜாங்கோ பழகுவது எப்படி?

ஜாவாவிலோ பிஎச்பியிலோ பல வருடம் குப்பை கொட்டிய உங்களிடம் திடீரென்று ஒரு ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களா? அவசரப்பட்டு நீளமான யூடியூப் வீடியோ எதையும் திறக்காதீர்கள், பாதி நேரம் லூப் என்றால் என்ன என்றே போகும். எச்டிடிபி உங்களுக்குத் தெரியும், எஸ்க்யூஎல் தெரியும். உள்ளே வரும் ரிக்வெஸ்டுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஜாங்கோ என்ன செய்கிறது என்பதுதான் தெரியாது. அதை மட்டும் பிடிப்போம்.

முதலில் தனியாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற ப்ராஜெக்டுகளோடு கலக்காத பைத்தான் இடம்) போட்டு, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் வழியாக ஜாங்கோவை இறக்கி, ஸ்டார்ட்ப்ராஜெக்ட், மைக்ரேட், ரன்சர்வர் என்று வரிசையாக ஓட்டுங்கள். 8000-ஆம் போர்ட்டில் ராக்கெட் படம் தெரிந்தால் சரி, மேலே போகலாம்.

அடுத்து செட்டிங்ஸ் ஃபைல். சின்னதுதான், முழுசாகப் படித்துவிடுங்கள். அதில் மிடில்வேர் (ரிக்வெஸ்ட் வியூவுக்குப் போகும் வழியிலும் ரெஸ்பான்ஸ் திரும்பும் வழியிலும் நடுவே ஓடும் கோட்) பட்டியலில் நின்று பாருங்கள்: ரிக்வெஸ்ட் மேலிருந்து கீழே இறங்கும், ரெஸ்பான்ஸ் கீழிருந்து மேலே ஏறும். அதனால் வரிசை முக்கியம், செஷனுக்குக் கீழேதான் ஆதன்டிகேஷன் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரே ஒரு யூஆர்எல், அதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் வியூ எழுதுங்கள் (மற்ற இடங்களில் கன்ட்ரோலர் செய்யும் வேலையை இங்கே வியூதான் செய்கிறது). வியூவின் முதல் வரியில் பைத்தானின் பிரேக்பாயின்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு ப்ரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், டெர்மினலில் டீபக்கர் காத்திருக்கும். அங்கே டபிள்யூ என்று அடித்தால் ரிக்வெஸ்ட் வந்த பாதை முழுக்கக் கொட்டும். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருகிறதே என்று குழம்ப வேண்டாம், ஒவ்வொரு மிடில்வேரும் அடுத்ததைக் கூப்பிடுவதுதான் அது. அந்த வரிகள் முடிகிற இடத்தில் பேஸ் ஹேண்ட்லர் இருக்கும், யூஆர்எல்லைப் பிரித்து உங்கள் வியூவைக் கூப்பிடுவது அதுதான். அந்த ஃபைலை அப்படியே எடிட்டரில் திறந்து படியுங்கள். என்னைக் கேட்டால், எந்த வீடியோவையும்விட இது மேல்.

அப்புறம் ஓஆர்எம், அதாவது பைத்தான் கிளாஸ்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் பகுதி, இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கட்டுரை, ஆசிரியர் என்று இரண்டு மாடல் எழுதி மேக்மைக்ரேஷன்ஸ் கொடுங்கள். உடனே மைக்ரேட் அடிக்காமல், எஸ்க்யூஎல்மைக்ரேட் கட்டளையைக் கொடுத்தால் டேட்டாபேஸில் ஓடப்போகும் எஸ்க்யூஎல் கண்ணெதிரே வரும். பார்த்த பிறகு மைக்ரேட் பண்ணி, ஷெல்லில் கொஞ்சம் டேட்டா போட்டு விளையாடுங்கள். ஃபில்டர் எழுதியதுமே க்வெரி ஓடாது, லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கும்போதுதான் ஓடும். 50 கட்டுரைகளைச் சுற்றி ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பெயரைக் கேட்டால் 51 க்வெரி போகும், டீபக் ட்ரூவாக இருக்கும்போது கனெக்ஷன் டாட் க்வெரீஸ் பட்டியலில் அத்தனையும் இருக்கும், நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்னேட் ஆட்களுக்குப் பழகிய தலைவலிதான். செலக்ட் ரிலேடட் சேர்த்தால் ஒரே ஜாயினில் முடிந்துவிடும், மெனி டு மெனி உறவு என்றால் ப்ரீஃபெட்ச் ரிலேடட்.

அட்மின் பக்கத்தில் இரண்டு மாடலையும் ரெஜிஸ்டர் பண்ணிப் பாருங்கள், டேட்டாவை ஏற்றவும் திருத்தவும் ஸ்க்ரீன் தானாகவே வந்துவிடும். ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில். 2005-இல்தான் வெளியே வந்தது. செய்தி ஏற்றுகிறவர்களுக்கு உடனடியாக ஒரு ஸ்க்ரீன் வேண்டியிருந்த இடம் அது. அதனால் அட்மினை அலுவலக ஆட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பார்க்கும் பக்கமாக அதை வளைக்கப் போனால் தனியாக எழுதுவதைவிட வேலை கூடும்.

கிளாஸ் வியூக்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இனி ஆபீஸ் ப்ராஜெக்டைத் திறந்து, ஒரு சின்ன பக்கை எடுத்து, அதே பிரேக்பாயின்ட் வழியில் துரத்துங்கள். கூடவே ரிசீவர் என்ற சொல்லையும் ப்ராஜெக்ட் முழுக்கத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒன்றை சேவ் பண்ணினால் எங்கிருந்தோ ஒரு மெயில் போகிறது என்றால், பெரும்பாலும் ஆள் சிக்னலுக்குள் (சேவ் போன்ற ஒன்று நடந்ததும் ஜாங்கோ தரும் அறிவிப்பு, அதைக் கேட்டு ஓடும் ஃபங்ஷன்தான் ரிசீவர்) ஒளிந்திருப்பார்.