அமாவாசைக்கு ஒரு கரை, ஆனிக்கு ஒரு கரை: டர்பன் கடலோரம் போவது எப்படி

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இங்கே நல்ல பீச் எது?" என்பதுதான். "என்றைக்குப் போகப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். மெரினாவுக்குப் போக நாள் பார்ப்பாரா யாராவது? ஆனால் டர்பன் இருக்கிற இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கரையில் நாள் பார்த்துத்தான் போக வேண்டும். நேற்றுக் குழந்தையைக் குளத்தில் விட்ட மாதிரி விட்ட இடம், இன்று மாலை பெரியவர்களையே புரட்டி எடுக்கும்.

என் அப்பா ஆலந்தலையில் கட்டுமரம் ஏறியவர். அந்தத் திமிரில், வந்த முதல் வருடம் டர்பனுக்கு வடக்கே, கரும்புக்காடு முடிகிற இடத்தில் ஆளே இல்லாத ஒரு கடற்கரையைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை, அலையே இல்லாமல், கொஞ்சம் கறுப்பாக அமைதியாகக் கிடந்தது. அதுதான் குளிக்க வசதி என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் கரையில் நின்ற வீட்டுக்காரர் பொம்மை அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தார். அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. இழுவை நீரோட்டம். நல்லவேளை, "ஓட்டத்தை எதிர்த்து நீந்தாதே, குறுக்கே போ" என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரை ஏறினேன். அன்று விட்டது திமிர்.

ஆகவே முதல் விதி: உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும் இறங்குங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவில்தான் குளியல். ஆளில்லாத அழகான கரைகள் இங்கே எவ்வளவோ உண்டு. அங்கெல்லாம் நடக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம், போட்டோ எடுக்கலாம்.

அடுத்தது சுறா. கேட்காமல் யாரும் விடுவதில்லை. 1957 டிசம்பரில் தொடங்கி நான்கு மாதத்துக்குள் டர்பனுக்குத் தெற்கே உள்ள கரையில் அடுத்தடுத்து ஆட்களைச் சுறா தாக்கியது. விடுமுறைக்கு வந்த கூட்டமெல்லாம் ஓடிப்போய், ஊர்களே காலியாகின. அதன் பிறகு, 1964இல், இப்போது சுறா வாரியம் என்று சொல்கிற அமைப்பு வந்தது. முக்கியமான குளியல் கரைகளுக்கு எதிரே கடலுக்குள் வலை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். அது வேலி இல்லை. சுறா அதைச் சுற்றியும் வரலாம், அடியிலும் வரலாம். அது சுறாவைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பதற்காகப் போட்ட வலை. டால்ஃபினும் ஆமையும்கூட அதில் மாட்டிச் சாகின்றன என்ற வருத்தம் இங்கே பலருக்கும் உண்டு, எனக்கும்தான். மழை பெய்து ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிய மறுநாள், ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் போகாதீர்கள். கலங்கல் நீர் சாம்பேசிச் சுறாவுக்குப் பிடிக்கும். விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் தண்ணீரில் இருக்காதீர்கள். இதைக் கடைப்பிடித்தால் போதும். பயந்து சாக வேண்டியதில்லை.

சரி, நாள் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடுக்களையில் சிவகாசியில் அச்சான தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் கடலுக்குக் கிளம்புகிறேன். திருச்செந்தூர்ப் பக்கம் ஓதம், அதாவது கடல்மட்டம், ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, நாம் கவனிப்பதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். அந்த நாட்களில் இந்தக் கரை முழுக்கக் காலை பத்து மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும், மாலை நான்கு மணி வாக்கில் முழுதாக ஏறியிருக்கும். ஒவ்வொரு நாளும் இது முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். அஷ்டமி வாக்கில் தலைகீழ்: பத்து மணிக்கு ஏற்றம், ஆனால் அவ்வளவு உயரம் ஏறாது. நிலாவே இங்கே நமக்குத் தலைகீழாகத்தான் தெரியும், அது வேறு கதை.

அமாவாசையோ பௌர்ணமியோ சனி ஞாயிறில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பலிட்டோ போங்கள். டர்பனிலிருந்து வடக்கே நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே தாம்சன்ஸ் பே என்று ஒரு சின்ன வளைவு. பாறையை ஒட்டிக் கட்டிய அலைக்குளம் ஒன்று இருக்கிறது. கடல் ஏறும்போது நிரம்பும், இறங்கும்போது தண்ணீர் தங்கிவிடும். அலையின் அடி இல்லாமல் குழந்தைகள் உப்புத் தண்ணீரில் நீச்சல் பழகலாம். பக்கத்தில் பாறையில் கடல் குடைந்த ஓட்டை ஒன்று. வற்றத்தில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். ஒன்பது மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் வடக்கே சால்ட் ராக்கிலும் அலைக்குளம் உண்டு. அங்கே கூட்டம் குறைவு.

உம்லாங்கா எல்லாருக்கும் தெரியும். சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், 1954இல் கட்டியது. நடைபாதை, திமிங்கில விலா எலும்பு மாதிரி வளைவு வளைவாக ஒரு சின்னப் பாலம். குளிக்க அது என் இடமில்லை, அலை கரையிலேயே வந்து அறையும். மாலை நடைக்குப் போங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள், வந்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது இசிபிங்கோ. அழகு என்று சொல்ல மாட்டேன். விமான நிலையம் இருந்த பழைய இடம், தொழிற்சாலைகள், எல்லாம் பக்கத்தில். ஆனால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களில் வற்றத்தில் குனிந்து பார்த்தால் கடல் சாமந்தி, முள்ளெலி மாதிரி கடல்முள், வரி வரியாகக் குட்டி மீன்கள். ரப்பர் செருப்போடு போங்கள், பாறை காலைக் கிழிக்கும். என்னை அங்கே முதலில் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டு ஆயா. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்தவர். இசிபிங்கோ ரெயில் மாரியம்மன் கோவிலுக்கு ஈஸ்டர் வெள்ளிக்கிழமை போகாமல் இருந்ததே இல்லை. (அந்த நாளில் அந்தப் பக்கம் கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம்.) டர்பன் கடற்கரையின் நல்ல பகுதிகளிலெல்லாம் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று பலகை நின்ற காலத்தில் வளர்ந்தவர்.

"மணல் இருக்கு, தண்ணி இருக்கு, ஆனா நமக்கு இல்லே கண்ணு" என்றார் ஒருமுறை, பேச்சோடு பேச்சாக.

கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக அன்றைய அதிபர் டி கிளெர்க் அறிவித்தது 1989 நவம்பர் 16. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்ததும் ஒரு நவம்பர் 16தான், 1860இல். ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "நூத்தி இருபத்தொம்பது வருசமா?" என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டு முறுக்கை உடைத்தார்.

காற்றையும் பார்க்க வேண்டும். கோடையில், அதாவது நமக்கு மார்கழி தையில், மதியத்துக்கு மேல் வாடைக்கொண்டல் அடிக்கும். வடகிழக்கிலிருந்து வருகிற அந்தக் காற்று தொடர்ந்து இரண்டு நாள் அடித்தால் கரையெல்லாம் நீலச்சொறி ஒதுங்கும். சின்ன நீலப் பலூன் மாதிரி அழகாக இருக்கும், அடியில் நூல் நூலாகத் தொங்குவதுதான் விஷம். செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டினால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. நான் இதற்கென்றே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவேன். கொட்டாத நாளில் அது டீ ஆகிவிடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் குழாய்கள், நிலையங்கள் பல உடைந்தன. அதற்குப் பிறகு பல கரைகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். எனவே கிளம்பும் முன் நகராட்சி அன்றைக்கு எந்தக் கரையைத் திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெருமழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் நான் காலே நனைப்பதில்லை.

தெற்கே போவதென்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். என்-2 நெடுஞ்சாலையில் பறக்கலாம், ஆனால் போகும்போதோ வரும்போதோ கொஞ்ச தூரமாவது ஆர்-102 என்ற பழைய சாலையைப் பிடியுங்கள். ரயில் பாதையும் கடலும் பக்கத்திலேயே ஓடிவரும். அறுபது கிலோமீட்டரில் ஸ்காட்பரோ. கடற்கரை வரை இறங்கும் பெரிய புல்தரை, அலைக்குளம், குழந்தைகளுக்கு ஒரு குட்டி ரயில். மூன்று தலைமுறையைக் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் தெரியாது. பாட்டிகள் மணலில் நடக்கத் தேவையில்லை, புல்லிலேயே பாய் விரித்து உட்காரலாம். போர்ட் ஷெப்ஸ்டன் தாண்டினால் உவாங்கோ. 23 மீட்டர் உயர அருவி ஒன்று விழுந்து தேங்கி, அங்கிருந்து நாலு எட்டில் கடல். அருவியும் கடலும் ஒரே பார்வையில் தெரிகிற இடம். குற்றாலத்தையும் திருச்செந்தூரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த மாதிரி என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆற்றுநீர்தானே என்று அசட்டையாக அந்தத் தேக்கத்தில் குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். மார்கேட் என்ற கடலோர ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, டிசம்பரில் தவிர எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

டிசம்பர் 16 முதல் புத்தாண்டு முடியும்வரை நாடே கடலோரம் வந்துவிடும். டர்பன் கடற்கரையில் அப்போது குழந்தைகள் கையில் பட்டை கட்டிப் பெயரும் போன் எண்ணும் எழுதிவிடுவார்கள். வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள். புத்தாண்டன்று டர்பன் பக்கமே வராதீர்கள்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெர்வெட் குரங்குகள் பழனிக் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. மதுபானம் கடற்கரையில் கூடாது. காரைப் பூட்டியதும் கதவைக் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரிமோட்டைத் தடுக்கிற திருட்டு இங்கே சகஜம். மஞ்சள் சட்டை போட்டு காரைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கிளம்பும்போது ஐந்து பத்து ரேண்டு கொடுங்கள். எதுவும் கொண்டுபோகவில்லையா, திரும்பும்போது உம்கேனி ஆறு கடலில் சேர்கிற ப்ளூ லகூனில் காரை நிறுத்தி, வழியில் வாங்கிய பீன்ஸ் 'பன்னி சௌ'வை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியதை, பிய்த்துத் தின்னுங்கள். ரொட்டியின் மூடியைக் கிழித்துக் குழம்பில் தோய்க்க வேண்டும், ஸ்பூன் கேட்டால் சிரிப்பார்கள்.

கடைசியாக ஆனி மாதம். ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்ந்த நீர் கரையை ஒட்டி வடக்கே ஏறும்போது அதோடு கோடிக்கணக்கில் சாளை வரும். இங்கே சார்டின் ரன் என்பார்கள். சில வருடம் கரைக்கே வராமல் ஏமாற்றிவிடும். வருகிற வருடம் தண்ணீரில் மேகநிழல் மாதிரி கறுப்பாக ஒரு திட்டு நகரும், அதன்மேல் கடற்பறவைகள் அம்பு மாதிரி குத்தும், பின்னால் டால்ஃபின், அதற்கும் பின்னால் சுறா. அந்தச் சமயத்தில் சுறா வலைகளைத் தூக்கிவிடுவார்கள், அதனால் குளியல் இல்லை. பார்ப்பதற்கென்றே போங்கள். ஸ்காட்பரோ, பார்க் ரைனி, ஹிபர்டீன் பக்கம் கரைவலைக்காரர்கள் படகோடு காத்திருப்பார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்து மீன்பிடிக்க இறங்கிய தமிழர், தெலுங்கர்களின் பேரப்பிள்ளைகள்; டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் குடியிருந்து, பின்னால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வழி. வலையை இழுக்கும்போது கயிற்றைப் பிடிக்க யார் வந்தாலும் தடுக்க மாட்டார்கள். நான் பிடித்தேன். ஆலந்தலைக் கயிற்றின் அதே சொரசொரப்பு.

மீன் கரைக்கு வந்ததும் பெட்டிக் கணக்கில் விற்பார்கள். முதல் நாள் விலை கேட்காதீர்கள். மூன்றாம் நாள் இறங்கிவிடும். மூடி போட்ட வாளி ஒன்று, கார் டிக்கியில் விரிக்க நாலு நாள் செய்தித்தாள், இவை இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். இல்லையென்றால் ஆடி பிறந்தும் கார் மணக்கும். சென்ற ஆனியில் நான் கிளம்பும்போது ஆயா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தன் வாளியையும் நீட்டினார். "தலையோடயே கொண்டா. தலையை வெட்டிட்டா அது என்ன சாளை?"