அயனி மரத்தை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரிய அயனி, பலாவின் நெருங்கிய உறவு. கேரளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் இதன் கட்டை நீரில் எளிதில் இற்றுப்போகாது என்பதால்தான் அங்குள்ள சுண்டன் வள்ளங்களை (நீண்ட பந்தயப் படகுகளை) அதில் கட்டினார்கள்.

எல்லாவற்றையும் விட விதையில்தான் கவனம் வேண்டும். அயனி விதை சேமித்து வைக்கத் தக்கதன்று, உலர்ந்தால் உயிரிழந்துவிடும். ஆகவே, கோடையின் இறுதியில் பழுத்து விழும் பழங்களை அன்றன்றே பொறுக்கி, சுளையை நீக்கி, வழுவழுப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைக்காமல் ஒரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். நேரான அடிமரமும் இனிப்பான சுளையும் உள்ள தாய் மரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓங்கி வளர்ந்தும் புளித்த பழம் தரும் மரங்கள் பல உண்டு என்பதால், சுவைத்துப் பார்க்காமல் விதை எடுக்க வேண்டாம்.

மண், மணல், மட்கிய எரு கலந்த ஆழமான நாற்றுப் பையில் விதையை விரற்கடை ஆழத்தில் ஊன்றி, நிழலில் ஈரம் காத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிட்டால் மரம் பிற்காலத்தில் காற்றுக்குத் தாங்காது. எனவே நாற்றை நெடுநாள் பையிலேயே விட்டுவைக்கக் கூடாது. இளங்கன்றின் இலைகள் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், முதிர்ந்த மரத்திலோ பிளவின்றி இருக்கும். இதை அறியாமல் கன்றை வேறு செடியென்று பிடுங்கி எறிபவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

மழைக்காலத் தொடக்கத்தில், ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் நட வேண்டும். மரம் 30 மீட்டருக்கு மேலும் உயரக்கூடும் என்பதால், வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் நன்கு விலகியே இடம் பார்க்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் நீரும், அடிமண்ணைச் சருகால் மூடிவைக்கும் மூடாக்கும் அவசியம். கட்டைக்காக வளர்ப்பவர், பக்கக் கிளைகளை அவை மெலிந்திருக்கும்போதே அடியோடு ஒட்ட வெட்டினால் கணு குறைந்த நேரான மரம் கிடைக்கும். வெட்டுவாயில் வடியும் பால் கையிலும் துணியிலும் ஒட்டும்.

காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும். பழங்கள் மிக உயரத்தில் இருப்பதால், மரமேறத் தெரிந்தவரைக் கொண்டு கொத்தாகப் பறித்துக் கயிற்றில் இறக்குவதே முறை, விழுந்தால் நசுங்கிவிடும். சுளையைத் தின்றபின் எஞ்சும் விதையை வறுத்துத் தோல் நீக்கினால் நிலக்கடலை போலச் சுவைக்கும்.