இங்கிலாந்தில் வீடு தேடுகிறீர்களா? இந்தச் சொற்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து போகிறவர்கள் வாடகை விளம்பரங்களை நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றுக்கு அங்கே அர்த்தமே வேறு.

‘டெரஸ்டு ஹவுஸ்’ என்றதும் மொட்டைமாடி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று அது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் ‘செமி டிடாச்டு’. நாம் ஹால் என்பதை அங்கே ‘லிவிங் ரூம்’ அல்லது ‘லவுஞ்ச்’ என்பார்கள். அவர்களுடைய ஹால், வாசல் கதவைத் திறந்ததும் வரும் நடை.

சாமான் வாங்கும்போதுதான் அதிகக் குழப்பம். கடையில் கட்டில் என்று நினைத்து ‘காட்’ (cot) கேட்டால் கைக்குழந்தை படுக்கும், சுற்றிலும் தடுப்பு வைத்த கட்டிலைக் காட்டுவார்கள். பெரியவர்களுக்கு ‘பெட்’ என்றே கேளுங்கள். துணி வைக்கும் பீரோவுக்கு ‘வார்ட்ரோப்’. அங்கே ‘பீரோ’ என்பது இழுப்பறைகள் வைத்த எழுதுமேசை.

சமையலறையில் பர்னர்கள் உள்ள மேல்பகுதி ‘ஹாப்’. அதுவும் ‘ஓவனும்’ (oven) சேர்ந்த முழு அடுப்புதான் ‘குக்கர்’. வீட்டில் குக்கர் உண்டு என்று விளம்பரம் சொன்னாலும், பருப்பு வேகவைக்கப் பிரஷர் குக்கரை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.