டிராக்டர் டயர் காற்று: உழவில் டீசலைத் தின்னும் தவறுகள்

உழவுக்கு டீசல் கூடுதலாகப் போனால் எல்லோரும் டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலையும்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். பின் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியது அதுதான்.

பரவலாக நடப்பது, டிரெய்லர் ஓட்ட ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்கிவிடுவது. ரோட்டுக்கு 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) பக்கம் வைத்தது சரிதான். அதே காற்றோடு ஒன்பது கொத்துக் கலப்பையை இழுத்தால், டயர் விறைத்து நின்று மண்ணில் கொஞ்ச இடம்தான் பதியும். பிடிப்பு போய் சக்கரம் வழுக்கும். சாதாரண பின் டயருக்கு உழவில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. பெரும்பாலும் போதும். உங்கள் டயர் அளவுக்குக் கம்பெனி கொடுத்த அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழுக்கலை நீங்களே அளக்கலாம். பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, போன தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அதே நிலத்தில், வழக்கமான ஆழத்தில் உழுதபடி இன்னொரு 10 சுற்று. முதலில் 40 மீட்டர், உழும்போது 36 மீட்டர் என்றால் வழுக்கல் 10 சதவீதம். 8 முதல் 15 வரை இருந்தால் கவலை இல்லை. அதே கியர், அதே ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் சுற்று வேகம்) 10 சதவீதம் 20 ஆகிவிட்டால், 8 மணி நேரத்தில் முடிய வேண்டிய உழவு 9 மணி நேரம் இழுக்கும். அந்த ஒரு மணி நேர டீசலால் நிலத்துக்கு ஒரு பயனும் இல்லை, டயர் தேய்ந்ததுதான் மிச்சம்.

வழுக்கல் 8 சதவீதத்துக்கும் கீழே வந்தால் வண்டியில் எடை அதிகம் என்று அர்த்தம். உழவுக்காக டயரில் நிரப்பிய தண்ணீரையும் மாட்டிய இரும்பு எடைகளையும் வருஷம் முழுக்கச் சுமந்து திரிவதும் டீசல் செலவுதான்.

காற்றைக் குறைத்தால் நல்லது என்று கேட்டுவிட்டு ஒரேயடியாக இறக்கிவிடுபவர்களும் உண்டு. அப்போது டயருக்குள் ரிம் மட்டும் சுற்றி டியூபின் வால்வு பிய்ந்துவிடும், பக்கச்சுவரும் வெடிக்கும். இறக்கிய காற்றோடு ரோட்டில் தூரம் போனால் டயர் சூடாகும், இழுக்க டீசலும் கூடும். இரண்டு பின் டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், உழவு ஆழமும் மாறும்.

அளக்கும் கேஜிலும் கவனம் வேண்டும். லாரி டயருக்கான கேஜில் 12-க்கும் 16-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டயர் என்றால் வால்வு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்தி அளந்தால் கேஜுக்குள் தண்ணீர் போகாது.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கு இந்த வழுக்கல் கணக்கு பொருந்தாது. அதன் கத்திகளே மண்ணை உதைத்து வண்டியை முன்னே தள்ளுவதால் சக்கரம் வழுக்குவது குறைவு. அங்கே டீசல் அதிகம் போனால் கத்தியின் தேய்மானத்தையும், இறக்கிய ஆழத்தையும், போடும் கியரையும் முதலில் பாருங்கள்.