முயலை நிறையப் புல் தின்ன வைக்க

உலர்புல்லை முயலின் கழிவுத் தட்டை ஒட்டியே, உட்கார்ந்தபடி வாய் எட்டுகிற மாதிரி வையுங்கள். புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லுவது முயலின் பழக்கம். அதனால் தானாகவே நிறையப் புல் உள்ளே போகும். குடல் நிற்காமல் அசைய அந்த நார்தான் வேண்டும், கேரட்டும் பெல்லட்டும் (அழுத்திச் செய்த தீவனத் துண்டுகள்) ஈடாகாது. பலனைத் தட்டிலேயே பார்க்கலாம்: புழுக்கை பெரிய உருண்டையாக இருக்கும், நசுக்கினால் புல்தூளாக உதிரும். (திராட்சைக் கொத்து மாதிரி பளபளவென்று ஒட்டியிருப்பது வேறு, அதை முயலே திரும்பத் தின்றுவிடும்.)

ஏற்கெனவே தீனியைத் தொடாமல், புழுக்கையும் போடாமல் சுருண்டு கிடக்கிற முயலுக்கு இது உதவாது. 12 மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.